முதல் சேவலை நான் கொடுக்காத ஆடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினேழு வயதில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு மாற்று வேட்டியோடு புனேவுக்கு ரயிலேறி வந்தேன். இன்றைக்கு ஏரவாடாவில் வெல்டிங் பரமசிவம் கடை எது என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். ஔந்தில் எழும்பிய மாடி வீடுகளில் எத்தனையோ ஜன்னல் கம்பி என் கைவேலை. நான் பற்றவைத்த இணைப்பு இதுவரை ஒன்றுகூட விட்டுப்போனதில்லை. இதைச் சொல்ல எனக்கு எவன் தயவும் வேண்டாம்.

ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால், இரும்பைச் சொல்ல மாட்டேன். தொண்ணூற்றேழாம் வருஷத்து ஆடியைச் சொல்வேன்.

எங்கள் சந்தில் தமிழர் வீடு அறுபது. முனையில் மாரியம்மன் கோயில். ஆடி மூன்றாம் வெள்ளிக்கு வீட்டுக்கு ஒரு கோழி நேர்ந்துவிடுவோம். புதன்கிழமை காலையிலேயே அதன் காலில் மஞ்சள் கயிறு கட்டி, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கம்பிக் கூண்டில் எல்லார் கோழியையும் ஒன்றாக விடுவது வழக்கம். வெள்ளியன்று பாதி அறுபடும். மீதி, மஞ்சள் தண்ணீர் தெளித்து அம்மனுக்குக் காட்டிவிட்டு வீட்டுக்கே திரும்பும். முதலில் அறுபடுவது யார் சேவல் என்பதுதான் பெரிய மரியாதை. இருபத்திரண்டு வருஷம் அதற்காகக் காத்திருந்தேன். அந்த வருஷம் கோயில் தலைவர் கோவிந்தராஜன் என் பெயரைச் சொன்னார்.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் நான் ஒரு தப்புச் செய்தேன். சந்தையில் இரண்டு பெட்டைகள் பளபளவென்று நின்றன. வாங்கிவந்து, தனியாக வைக்காமல், என்னுடைய இருபத்தாறோடு சேர்த்துக் கூண்டில் விட்டுவிட்டேன். கோழியைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

திருவிழா வாரம், திங்கட்கிழமை காலை கூண்டைத் திறந்தேன். தினம் பத்துப் பன்னிரண்டு முட்டை கிடக்கும் இடத்தில் இரண்டே இரண்டு. ஒன்றுக்கு ஓடே இல்லை, தோல் மாதிரி அமுங்கியது. புதுப் பெட்டைகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. தரையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். செவ்வாய்க்கிழமை விடியும்போது நான்கு செத்திருந்தன. ஐந்தாவது கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது.

பத்தொன்பது வயதில் ஹடப்சர் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் எரு அள்ளியவன் நான். இதே முறுக்குக் கழுத்தோடு ஐந்தே நாளில் இரண்டாயிரம் கோழி சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மராத்திக்காரர்கள் மான்மோடி என்பார்கள். நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல்.

பக்கத்து வீட்டு முகமது இஸ்மாயில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். அவரிடமும் நாலு கோழி உண்டு.

"அண்ணே, மீதிய இப்பவே அறுத்துருங்க. சந்துல பங்கு போட்டுக்கலாம். வீணாப் போவாது."

"அறுத்தா எறகும் கொடலும் எங்க போவும் பாய்?"

"நாலா இருக்குதே, அந்தச் சாக்கடையிலதான்."

"நாலா யாரு வூட்டுப் பக்கமா போவுது?"

அவர் யோசித்தார். "மல்லிகா வூட்டுப் பக்கமா."

"அப்ப கத்திய உள்ள வச்சிட்டு, உன் நாலையும் கூடையில கவுத்து வையி."

மல்லிகா புருஷனை இழந்தவள். நாற்பது கோழி வைத்திருந்தாள். அந்த முட்டையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது, இரண்டு பெண்கள் படித்தார்கள். மறுநாள் அவள் கோழி ஒன்றும் கோயில் கூண்டுக்கு வரும். அறுபடாவிட்டால் நோயோடு திரும்பியும் போகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். என் சேவல் அந்தக் காலையில் திடமாகத்தான் இருந்தது. கொண்டை சிவப்பு, கண்ணில் மினுக்கம். மஞ்சள் கயிறு என் கையில் இருந்தது. என் மனைவி சாந்தகுமாரி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"இன்னாயா, கயித்த வச்சிக்கினு நிக்கிற? நீ நெனைக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?"

"சேவலுக்கு ஒண்ணும் இல்லடி."

"இன்னிக்கி இல்ல. நாளைக்கி மல்லிகா கோழியோட நின்னா? முதல் சேவல்னு உன்னச் சொல்லுவாங்க. அப்புறம் அவ வயித்தெரிச்சலையும் நீதான் வாங்கிக்கணும்."

கயிற்றை அடுப்பில் போட்டேன்.

குளித்து வேறு துணி மாற்றி, செத்த கோழி ஒன்றை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ரிக்ஷாவில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டரம்மா அதை அறுத்துப் பார்த்தார். இரைப்பையில் ரத்தப் புள்ளிகள்.

"மான்மோடி மாதிரிதான் தெரியுது. லேப் சொல்லாம உறுதி கிடையாது. ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்கக் கூடாது" என்றார் மராத்தியில். "உங்க கூண்டுல இனிமே மருந்து எதுவும் பிடிக்காது. மத்தவங்க கோழிக்கு இன்னிக்கே தடுப்பு மருந்து போடணும், மத்தியானம் நானே வரேன். நீங்க மட்டும் அவங்க கூண்டுப் பக்கம் போகாதீங்க. உங்க செருப்பே நோயைக் கொண்டுபோகும்."

திரும்பியதும் கடை வழியாகக் கோயிலுக்குப் போனேன். கூண்டு இன்னும் காலிதான். கோவிந்தராஜனிடம் நோயைச் சொல்லி, இந்த வருஷம் கூண்டில் கோழி விட வேண்டாம் என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னாப்பா பேசற? அம்மனுக்கு நேர்ந்ததுக்கு நோவு வருமா? அவ பாத்துக்குவா."

"பாத்துக்குவா தலைவரே. ஆனா கூண்டு செஞ்சது நானு."

கடையிலிருந்து கொண்டுவந்த பூட்டை அந்தக் கதவில் போட்டு, சாவியை மடியில் முடிந்துகொண்டேன். அவர் திட்டிக்கொண்டே இருக்கும்போது கோயில் ஒலிபெருக்கியில் ஓடிய அம்மன் பாட்டை நிறுத்தி மைக்கைக் கையில் எடுத்தேன்.

"எல்லாரும் கேளுங்க. வெல்டிங் பரமசிவம் பேசறேன். கோழி நோவு வந்துட்டுது. வந்தது என் வூட்டுலதான். சந்தையிலருந்து கொண்டாந்தவனும் நான்தான். யாரும் கோழிய வெளிய வுடாதீங்க, கோயிலுக்குக் கொண்டாராதீங்க. செத்தத நாலாவுல போடாதீங்க. மத்தியானம் டாக்டரம்மா மருந்தோட வராங்க."

சந்திலிருந்து ஒரு குரல்: "அப்ப வெள்ளிக்கெழம கொழம்பு?"

"கத்திரிக்கா போட்டுக்கோ!" என்று மைக்கிலேயே சொன்னேன். சந்தே சிரித்தது. அறுபது வீட்டுக்கும் கேட்க என் தப்பை நானே சொன்னேன். இப்படி எத்தனை பேர் சொல்வார்கள்?

மத்தியானம் டாக்டரம்மாவும் கம்பவுண்டரும் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்தோடு வந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை கோழி என்பது மல்லிகாவுக்கு அத்துப்படி. அவள் முன்னே நடந்தாள். ஒவ்வொரு கோழிக்கும் கண்ணில் ஒரு சொட்டு. நான் ரோட்டு ஓரத்தில் நின்றபடியே "அந்தப் பச்ச கதவு வூட்ட வுட்டுட்டீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை என் சேவலின் கழுத்தும் முறுக்கிக்கொண்டது. வியாழனுக்குள் பத்தொன்பது போயின. மீந்தவையும் நோயைப் பரப்பும் என்று டாக்டரம்மா சொன்னதால் அவற்றையும் நானே முடித்தேன். மழையில் தண்ணீர் தேங்காத மேட்டில், பட்டறைக்குப் பின்னால், இடுப்பாழம் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன். கூண்டு வைக்கோலைக் கொளுத்தினேன். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தேன். கண் எரிந்தது புகையால் என்று சாந்தகுமாரியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வெள்ளியன்று அம்மனுக்குச் சேவலுக்குப் பதில் பூசணிக்காய். கோவிந்தராஜன் என்னோடு பேசாமல் அவரே உடைத்தார். முதல் மரியாதை அந்த வருஷம் எவனுக்கும் இல்லை.

பத்தாம் நாள் லேப் தாள் வந்தது. மான்மோடியேதான். இஸ்மாயில் பாயின் நாலில் மூன்று செத்தன, அது என் கணக்கில்தான். அதைத் தாண்டி சந்தில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. மல்லிகாவின் நாற்பதும் நாற்பதாகவே நின்றன.

ஒரு மாதம் கழித்து கோவிந்தராஜன் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"கோந்த்வாவுல என் மச்சான் வூட்டுக் கோழி ரெண்டு தலைய தொங்கப் போட்டுக்கினு கீதாம். உன்னக் கேக்கச் சொன்னான்."

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினேன். "கழிச்சல் இன்னா நெறம்னு கேட்டீங்களா தலைவரே?" என்றேன்.