வேண்டுதல் சோறு

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. நாலு நாளில் வந்துவிடுவேன், தம்பியை அடிக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆபரேஷன் முடிந்த கையோடு உள்ளே சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அம்மா பிழைப்பாளா என்பதே சந்தேகம் என்று எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் வந்தால் பேச்சை மாற்றினார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் மலைக்கு வேலைக்குப் போனால்தான் அன்றைக்குப் பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம். அம்மா கட்டிலில் கிடந்தாள். அப்பா விடிந்ததும் லிந்துலையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால், இருட்டிய பிறகுதான் திரும்புவார். அதனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பேர் விழவில்லை. விலை கூடிய அரிசி முதலில் தீர்ந்தது; ரொட்டி சுடுகிற மாவு டின்னும் காலியாகிக்கொண்டே வந்தது. அப்பாவின் ரோஷம் மட்டும் குறையவில்லை.

“யாரு வீட்டு வாசல்லயும் தட்டோட போய் நிக்கக் கூடாது. சொல்லிப்புட்டேன்” என்றார். நாங்கள் நிற்கவில்லை. ஆனால் சோறு வேகிற வாசனை வரும் பக்கமாகவே விளையாடினோம்.

அப்போதுதான் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர், அந்த உரிமையில் பெரியம்மா. அப்பா பஸ்ஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, தங்கச்சி எந்திரிச்சு வரணும்னு ரோதமுனிக்கு வேண்டியிருக்கேன். அவ புள்ளைங்களுக்கு என் கையால சோறு போடணும். நீங்க வேணாம்னா சாமி குத்தமாயிரும், பாத்துக்கங்க.”

ரோதமுனி என்றால் தேயிலை பெக்டரியின் ரோதைகளுக்கு, அந்த இயந்திரச் சக்கரங்களுக்கு, காவல் இருக்கிற சாமி. பெரிய கோபக்காரர். அவரிடம் போய் அப்பா ரோஷம் காட்ட முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு, எங்களிடம் “போய்ட்டு வாங்க” என்றார். பிரசாதம் மிஞ்சக் கூடாது என்று அவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் எதிர்க் காம்பரா அக்காவுக்கு மாரியம்மன் வேண்டுதல். செவ்வாய்க்கிழமை, கோடிக் காம்பரா டீச்சர் வீட்டில் அந்தோனியார் பெயரால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. எங்கள் லயத்தில் எல்லாச் சாமிகளுக்கும் ஒரே சமயத்தில் பசி எடுத்துவிட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. நான் போய்ச் சாப்பிடாவிட்டால் எத்தனை பேருக்குச் சாமி குற்றம் வந்துவிடும்! ஊருக்கே உபகாரம் செய்கிறவளைப் போலத் தட்டின் முன்னால் உட்காருவேன். ஒருநாள் பெரியம்மாவிடம், “நேத்தும் பருப்பு, இன்னைக்கும் பருப்பா? சாமிக்கு வேற ஒண்ணுமே பிடிக்காதா?” என்று கேட்டும் விட்டேன். பெரியம்மா, “சாமிகிட்ட சொல்றேன்டி” என்று சிரித்தார். அடுத்த தடவை நெத்தலி கருவாடு இருந்தது.

எனக்கிருந்த குறை ஒன்றுதான். நாங்கள் சோறு சாப்பிடும்போது பெரியம்மாவின் பையன்கள் இருவரும் அடுப்போரம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தேயிலைத் தண்ணியில் தொட்டுத் தின்பார்கள். சுடச்சுட ரொட்டி. எங்களுக்கு ஒரு துண்டு கேட்டால், “வேண்டுதல் புள்ளைங்களுக்குச் சோறுதான்” என்று பெரியம்மா மறுத்துவிடுவார். சொந்தப் பிள்ளைகளுக்கு நல்லதை ஒதுக்குகிறார் என்று எனக்குள் ஒரு பொருமல். இன்று அந்த அடுப்போரத்தை நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது.

அம்மா பிழைத்து வந்தாள். எலும்பும் தோலுமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அன்று மாலையும் நான் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு, “இன்னைக்கு எந்தச் சாமி வீடு?” என்று கேட்டேன். அப்பா அம்மாவிடம் வேண்டுதல் விஷயத்தைச் சொன்னார். அம்மா தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிறகு ஏனோ அழுதாள்.

அவள் மறுபடி மலைக்குப் போகத் தொடங்கிச் சில மாதம் இருக்கும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவி, பெரியம்மாவின் வீட்டுக்காரர் காலில் ஆழமாக இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து படுக்கவைத்துவிட்டார்கள். பெரியம்மா ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார். ஒருநாள் மலையிலிருந்து வந்ததும் அம்மா உலை வைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள்.

“அக்கா, எங்க ரோதமுனிக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. புள்ளைங்கள அனுப்பி வைங்க.”

“நீதான் நல்லாயிட்டியே, எதுக்கும்மா வேண்டுன?” என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியம்மா என் வாயைப் பொருட்படுத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாமி காரியம்டா, போய்ட்டு வாங்க” என்று பையன்களிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் அவர்கள் இருவருக்கும் சோறும் கருவாட்டுக் குழம்பும். எனக்கும் தம்பிக்கும் அடுப்போரத்தில் ஆளுக்கொரு ரொட்டி, தேயிலைத் தண்ணி. எத்தனை நாள் ஆசை! சாமி என் பக்கமும் கண் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சோறு தின்கிற அந்தப் பையன்களுக்குக் காட்டிக் காட்டி ரொட்டியைத் தின்றேன்.