சில்லுப் பூட்டிய வீட்டுக்கு வாசல் பார்த்த கதை

வீட்டுக்கார அண்ணை ரோல்ஸ் பெட்டியோடு படியிறங்கி வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அஜின்கோர்ட்டில் அவருடைய வீட்டின் பேஸ்மன்றில், நிலத்துக்குக் கீழே, நாங்கள் குடியிருந்த காலம் முழுவதும் அந்த மனிதர் ஒரு பிளேன்ரீகூடத் தந்தது கிடையாது. ரோல்ஸ் சுடச்சுட இருந்தது. நான் ஒன்றை முடித்து அடுத்ததைக் கடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வீட்டை விக்கப்போறம் தம்பி. வாங்கிற ஆக்களுக்குப் பேஸ்மன்ற் வெறுமையா வேணுமாம். ஓகஸ்ட் முடியுமட்டும் இருங்கோ. குறை நினைக்காதேங்கோ."

அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகைதான். ஒன்று வாக்குக் கேட்கிறவர்கள், மற்றது வீட்டைவிட்டு எழுப்புகிறவர்கள். வாய் நிறைய அவருடைய ரோல்ஸை வைத்துக்கொண்டு அவரைக் குறை நினைக்கவும் வழியில்லை. தலையை ஆட்டினேன்.

உள்ளறையில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாசி மாதம் அந்தப் பேஸ்மன்ற் படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்தவள் அவள். ஒப்பரேசன் முடிந்து, தட்டையான தரை என்றால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். படி ஏறமாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்களில் நானும் வீட்டுக்கார அண்ணையும் அவளைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஏறுவோம். "சாமி வெளிவீதி வருது, விலகுங்கோ" என்று நான் பகிடி விடுவேன். தொடக்கத்தில் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வரத் தொடங்கினாள். நானும் பகிடியை நிறுத்திவிட்டேன். மாசியிலிருந்து அவள் தானாக எழும்பி, தன் பாட்டில் வாசலைத் தாண்டியது ஒருநாளும் இல்லை.

அதனால் எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: அவள் யாரும் தூக்காமல் வெளியே போய்வரக்கூடிய ஒரு வீடு. லிஃப்ட் உள்ள அப்பார்ட்மென்ற் ஒன்றின் வாடகையைப் போனில் விசாரித்தேன். கேட்டு முடிய எனக்கும் ஒரு வோக்கர் தேவைப்பட்டது.

தேடித் தேடி, ஒஷாவாவுக்கும் அங்கால் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் ஒரு துண்டு நிலம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். தொழிற்சாலையில் முழு வீட்டையும் செய்து, அடியில் உருளுகிற சில்லுப் பூட்டி, லொறியில் இழுத்து வந்து இறக்குவார்கள். நிலத்துக்கு மாதாமாதம் வாடகை, வீடு எங்களுடையது. ஊரில் எங்களுக்கு நிலம் இருக்கிறது, வீடு இல்லை. இங்கே வீடு இருக்கும், நிலம் இருக்காது. இரண்டையும் ஒட்டினால் நானும் ஒரு பணக்காரன்.

பார்க்கின் மனேஜர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கறாரான ஆள். பழைய வீடு கொண்டுவர முடியாது, புதிதுதான் வரவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வீடு வாங்கிய பத்திரத்தைக் காட்டாவிட்டால் நிலம் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். நான் "யெஸ் மேடம்" என்றேன். இந்த நாட்டில் நான் பிழையில்லாமல் பேசுகிற ஆங்கிலம் அதுதான்.

புதன்கிழமை மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு விற்கிற வளவுக்குப் போனேன். பெருந்தெரு ஓரமாக வீடுகளை பஸ் நிலையத்தில் பஸ் விட்டதுபோல நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மரப்படி. படிக்குப் பயந்து வீடு தேடி வந்தால் இங்கேயும் படி. "அடியில் சில்லு இருக்கிறதல்லவா, அதனால் தரை உயரம், பார்க்கில் இறக்கிய பிறகு றாம்ப், அதாவது சாய்வுப் பாதை போட்டால் சரி" என்றார் விற்பனைக்காரர். மனைவி காரிலேயே இருந்தாள். நான் உள்ளே போய், போனில் வீடியோவைப் போட்டு, கூப்பிடு தூரத்தில் இருந்த பெண்சாதிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினேன்.

வீடுகளில் பலவும் ஓடர் கொடுத்தால் பனி கொட்டும் காலத்தில்தான் வரும். உடனே இழுக்கக்கூடியதாக, எங்களுக்குக் கட்டுப்படியாகக்கூடியதாக இருந்தவை காட்சிக்கு வைத்த இரண்டே இரண்டு. நிலம் சொந்தமில்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது என்றபடியால், பிறம்ரன் வெயார்ஹவுஸில் நான் பெட்டி தூக்கிச் சேர்த்ததும் மனைவி சீட்டுப் பிடித்து வைத்திருந்ததும்தான் கையில். இரண்டு வீடும் ஒரே நீளம், ஒரே விலை. எதை எடுப்பது? நான் போனில் திசைகாட்டியைத் திறந்தேன்.

சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் நாங்கள் இருந்த வாசல்கள் எல்லாம் தெற்கு, மேற்கு. பேஸ்மன்ற் வாசல் குப்பைத் தொட்டியைப் பார்த்தது. நான் உருப்படாமல் போனதற்குக் காரணம் அதுதான் என்பது என்னுடைய ஆராய்ச்சி. மனைவியின் ஆராய்ச்சி வேறு.

முதல் வீடு வடமேற்கு. இரண்டாவது வீட்டின் வாசலில் போய் நின்றேன். ஊசி போய்க் கிழக்கில் நின்றது.

"இஞ்சருங்கோ, கதவு எவ்வளவு அகலம்?" என்று போனில் மனைவி கேட்டாள்.

"கிழக்கு!"

"நான் அகலத்தைக் கேட்டனான்."

"ஓமப்பா, நேர் கிழக்கு! ஊசி அசையேல்லை!"

"எல்லாரும் குளிர் தாங்குமா என்று கேட்பார்கள், திசைகாட்டியோடு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார் விற்பனைக்காரர். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன். முற்பணம் திரும்பக் கிடைக்காது என்று சொன்னார். யாருக்கு வேண்டும் திரும்ப?

பத்திரத்தோடு நேராகப் பார்க்குக்குப் போனோம். மனேஜர் வீட்டு வரைபடத்தை எங்கள் காரின் மூடியில் விரித்தார். காலி நிலத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்தார்.

"வீடு இப்படித்தான் இறங்கும்" என்றார். நிலத்தின் பின்கோடியில் கழிவுக்குழாய் இருக்கிறது, வீட்டின் குளியலறைப் பக்கம் அதன்மேல்தான் வரவேண்டும். அப்படி வந்தால் வாசல் மேற்கே பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கும். இடையில் ஒரு ஆள் பக்கவாட்டாக நுழைகிற இடம்தான். அதற்குள் றாம்ப் போட இடமில்லை, போட விடவும் மாட்டோம் என்றார்.

"ஆனால் வாசல் கிழக்கு மேடம்," என்றேன்.

"எங்கே கிழக்கு?"

"விற்கிற இடத்தில்."

அவர் என்னைப் பார்த்தார். சிரித்திருந்தாலும் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

சில்லுப் பூட்டிய வீடு. லொறியில் இழுத்துப் போகிற வீடு. அதற்கு நிறுத்தியிருந்த இடத்தில் வைத்து வாஸ்து பார்த்திருக்கிறேன். ஓடுகிற பஸ்ஸுக்குத் தலைவாசல் பார்த்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். இதை விட்டுவிட்டு வாசலை மாற்றிச் செய்த வீடு ஓடர் பண்ணலாம், ஆனால் அது பனிக்காலத்தில் வரும். பேஸ்மன்ற் ஓகஸ்டில் போய்விடும். கொடுத்த முற்பணமும் போய்விடும். வெள்ளிக்கிழமை நிலமும் போய்விடும்.

காருக்குள் ஏறி இருந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. மனைவிக்குச் சொல்ல ஒரு பகிடி தேடினேன். அகப்படவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

"அப்ப நான் உள்ளுக்கைதான் இருக்கோணும் என்ன?" என்றாள். "இவ்வளவு நாளும் நிலத்துக்குக் கீழை இருந்தன். இனி நிலத்துக்கு மேலை இருக்கப்போறன். அவ்வளவுதானே வித்தியாசம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்து அழுதேன். ஹோர்ன் அடிபட்டது. பார்க்கில் இருந்த நாயெல்லாம் குரைத்தது. மனேஜர் யன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார். ஒழுங்காக அழக்கூட எனக்கு வராது.

"உந்த ஹோர்னை விடுங்கோ," என்றாள் மனைவி. "நீங்கள் வோஷிங் மெஷினைக் காட்டேக்கை அதுக்குப் பின்னாலை ஒரு கதவு தெரிஞ்சது. உது எந்தப் பக்கம்?"

"அது பின்கதவப்பா. உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவு. வாசலுக்கு எதிர்ப்பக்கம்..." கண்ணைத் துடைத்தேன். "அப்ப அது கிழக்கு!"

"திசையை விடுங்கோ மனிசன்! அந்தப் பக்கம் றாம்ப் போட இடமிருக்கோ?"

இருந்தது. அந்தப் பக்கம் முழுக்கப் புல்தரை. மனேஜர் வெளியே வந்து அளந்து பார்த்து, போடலாம் என்றார். ஆனால் அந்த அறைக்குள்ளால் வோக்கர் போகுமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் ஊசியை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பப் பறந்தோம். விற்பனைக்காரர் கேற்றைப் பூட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சித் திறப்பித்து, மனைவியின் வோக்கரைப் படியால் தூக்கிக்கொண்டு பின்கதவால் ஏறினேன். இடுப்பைச் சாய்த்து, வலது காலை இழுத்து, அவள் நடப்பதைப்போலவே நடந்தேன். அம்புலன்ஸ் கூப்பிடவா என்று அவர் கேட்டார். கதவால் வோக்கர் போனது. வோஷிங் மெஷினைத் தாண்டியது. அடுத்திருந்த உடுப்புக் காயவைக்கிற ட்றையரில் போய் இடித்தது. சரித்துப் பார்த்தேன். மடக்கிப் பார்த்தேன். மூச்சைப் பிடித்தும் பார்த்தேன், வோக்கருக்கு மூச்சு இருக்கிறதுபோல. விரற்கடை அளவுதான் தடை. அதைத் தாண்டினால் சமையலறை, கூடம், எல்லாம் தட்டையான தரை. அந்த ட்றையரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்ன சத்தத்தைக் காணேல்லை?" போனில் மனைவி.

"ட்றையர் மறிக்குது."

"அப்ப ட்றையரைக் கழட்டச் சொல்லுங்கோ."

"கழட்டினால் பனிக்குளிருக்கை உடுப்பு எப்பிடிக் காயும்? பார்க்கிலை கொடி கட்டவும் விடாயினம்."

"நீங்கள் இருக்கிறியள்தானே. ஹீற்றருக்கு முன்னாலை கையை விரிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் போட்டுவிடுறன்."

மாசிக்குப் பிறகு அவள் விட்ட முதல் பகிடி அது. அதுவும் என்மேல்.

ஓகஸ்ட் கடைசியில் வீடு லொறிக்குப் பின்னால் வந்து இறங்கியது. வாசல் மேற்கைப் பார்த்தது, அதாவது பக்கத்து வீட்டுச் சுவரை. இன்றைக்கும் அந்த வாசலால் பக்கவாட்டாக நுழைகிற ஒரே ஆள் நான்தான். எனக்கு அது வேண்டியதுதான். பால் காய்ச்சினோம். எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் பார்த்தேன், சொல்லமாட்டேன்.

மனைவி றாம்ப்பில் வோக்கரைத் தள்ளிக்கொண்டு தானாக ஏறி வந்தாள். நான் பின்னால் கையை நீட்டியபடி நடந்தேன். "தொடாதேங்கோ" என்றாள். பின்கதவால் நுழைந்து, வோஷிங் மெஷினைத் தாண்டி, ட்றையர் இல்லாத இடத்தைத் தாண்டி, சமையலறைக்கு வந்தாள். பாலில் ஒரு வாய் குடித்தாள். பிறகு வோக்கரைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனாள்.

"எங்கை போறீர்?" என்று பதறிக் கேட்டேன்.

"சும்மா," என்றாள். றாம்ப்பால் இறங்கி, புல்தரையில் கொஞ்சம் நின்றுவிட்டு, திரும்ப ஏறி உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. இருப்பாள் என்று கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை. மறுபடியும் வெளியே போனாள்.