பேக்கிங்கில் ஒரு வெட்டு

என் மனைவியின் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கி, வில்லியனூர் ரயிலடியிலிருந்து மதகடிப்பட்டு வரைக்கும் வாடகைக்கு ஓட்டினோம். இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி. ஒரு நாள் அவர் ஓட்டுவார், ஒரு நாள் நான். அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நெல் மில்லில் எஞ்சின் பார்த்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்தார். வண்டிக்கு என்ன வந்தாலும் நாங்களே பிரித்து நாங்களே மாட்டுவோம்.

மாசி மாதத்தில் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் லேசில் பிடிக்காது. பிடித்தாலும், நின்ற இடத்தில் மெதுவாக ஓடவிட்டால் விக்கல் எடுத்தாற்போல் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். வேகமெடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு ஊரும் பிரெஞ்சுக்காரன் சீமை; எங்கள் ரோட்டில் நடுவே இங்கிலீஷ் எல்லை குறுக்கிடும். சுங்கச் சாவடியில் எஞ்சினை நிறுத்தி மூட்டைகளைக் காட்ட வேண்டும். காட்டி முடித்த பிறகு வண்டி கிளம்பாது. ஏறியிருந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். சாவடிச் சேவகர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் அங்கேயே ஹேண்டில் எதிர்த்து உதைத்து என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீடு திரும்பியதும் மச்சான்தான் நல்லெண்ணெய் தடவி, தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார்.

"மேக்னட்டோ செத்துப்போச்சு மாப்ள. வேற இன்னா இருக்கும்?" என்றார்.

மேக்னட்டோவைக் கழற்றிப் பார்த்தோம். பொறி நன்றாகவே வந்தது. பிளக்குகளைக் கழற்றினோம். கரி இல்லை, சாம்பல் பூத்தமாதிரி வெளுத்திருந்தன. பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழுவினோம். பெட்ரோல் வரும் பித்தளைத் துளையை வாயால் ஊதினோம். குழாயில் அடைப்பில்லை. இத்தனையிலும் மச்சான் என் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஒவ்வொன்றாகத் துடைத்து என் கையில் கொடுத்தார். வண்டி மட்டும் அப்படியே விக்கியது.

"வயசாயிடுச்சு மாப்ள, இத்த வித்துட்லாம்," என்றார் ஒரு சாயங்காலம். "பாகூர் மிராசுதார் கேக்கறாரு. தென்னந்தோப்புப் பக்கம் கொஞ்சம் நெலம் வாங்கிக்கினு நிம்மதியா இரு."

"ஓடாத வண்டிய அவரு இன்னாத்துக்கு வாங்கறாரு?"

"பெரிய மனுசன். பட்டணத்துக்கு அனுப்பிச் சரி பண்ணிக்குவாரு."

நான் சம்மதிக்கவில்லை. எனக்கு அந்த வண்டி பிடிக்கும், அவ்வளவுதான்.

வில்லியனூர்த் தேர் அன்று மச்சான் வடம் பிடிக்கப் போய்விட்டார். நான் தனியாக வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளுத்த பிளக் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பெட்ரோல் குறையாவிட்டால் காற்று அதிகமாகிறது என்றுதானே அர்த்தம்? காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. எப்படியோ எஞ்சினைப் பிடிக்கவைத்து, அது விக்கிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய்க் குப்பியை எடுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் சொட்டு விட்டேன். கார்புரேட்டர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் எண்ணெய் விழுந்ததும் விக்கல் நின்றது. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டதும் மறுபடி விக்கியது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்து நின்று தனியாகச் சிரித்தேன். மச்சான் வந்ததும் சொல்ல வேண்டும் என்று அவசரமாக இருந்தது.

நட்டுகளைக் கழற்றினேன். நடுவில் காற்றுப் புகாமல் அடைக்கும் பேக்கிங் அட்டையைப் பொங்கலுக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து வெட்டிப் போட்டிருந்தோம். அதன் ஓரத்தில் நகத்தளவு ஒரு துண்டு இல்லை. கருகவில்லை, பிய்யவில்லை. கத்தியால் நறுக்கின கோடு. மற்ற ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி நைந்திருக்க, அந்தக் கோடு மட்டும் கூராக நின்றது. எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த வண்டியை யாரும் தொட்டதில்லை.

வேறு அட்டை வெட்டிப் போட்டேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

மச்சான் நெற்றி நிறைய விபூதியோடு, எனக்கும் காகிதத்தில் கொஞ்சம் மடித்துக்கொண்டு வந்தார். சீராக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் தெருவிலேயே நின்றுவிட்டார். நான் பழைய பேக்கிங்கை நீட்டினேன்.

"இன்னா மச்சான் இது?"

அவர் அதை வாங்கவில்லை. "ஒடைக்கலியே மாப்ள. ஒன்னியும் ஒடைக்கல. கொஞ்சம் காத்து வுட்டேன்."

"ஏன்?"

"மிராசுதார் என்ன டிரைவரா வச்சிக்கறேன்னாரு. வண்டியோட வந்தா வூடு குடுக்கறேன்னாரு. கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

"ஹேண்டில் என் கைய ஒடைக்கப் பாத்துச்சே மச்சான். நீதான கட்டுப் போட்ட?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு விட்டிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். போகும்போது சொன்னார்: "என்ன மட்டும் திட்டாத. உம் பொண்டாட்டிக்கும் தெரியும்."

வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும். அண்ணன் சொல்லிச்சு. வண்டி போனா பாகூர்ல எங்கம்மா வூட்டாண்ட நெலம் வாங்கிக்கினு இருக்கலாம்னு நெனச்சேன். தெனம் நீங்க வர்ற வரைக்கும் வண்டி எங்கனா கவுந்துச்சோன்னு வாசல்லயே நிப்பேன்."

"நான் தெனம் கரியும் எண்ணெயுமா வந்து உக்காந்தப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அண்ணன் சொல்லாதன்னுச்சு."

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மச்சானும் நானும் பங்கு பிரித்துக்கொண்டோம். வண்டி என்னிடம் நின்றது. மிராசுதார் வேறு கார் வாங்கி மச்சானையே வைத்துக்கொண்டார். ரோட்டில் எதிரே வந்தால் ஹார்ன் அடிப்பார். நான் அடிக்கமாட்டேன். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போகும்வரை தனியாகவே ஓட்டினேன். என் கையில் அது ஒரு நாளும் விக்கவில்லை.

மச்சானை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அவரை ரோட்டில் தாண்டிப் போய்விடலாம். வீட்டில் அப்படி முடியவில்லை. அவள் குழம்பு ஊற்றினாள், பிள்ளைகளைப் பெற்றாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் தூங்காமல் கிடந்தாள். ஆனால் "அரிசி தீந்துபோச்சு" என்று அவள் சொன்னால்கூட நான் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பேன். என்னையறியாமல் கை போகும். ஒரு நாள் நான் பானை மூடியைத் தூக்கியபோது பின்னால் நின்று பார்த்துவிட்டாள். பானை காலியாகத்தான் இருந்தது. அவள் தோட்டத்துப் பக்கம் போய், வெகு நேரம் உள்ளே வரவில்லை.