பிரதி எடுக்கக் கூடாத கோப்பு

1. கைக்குள் ஒரு கணினி

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்கொன்றின் மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தினேன். தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கியபோது, வந்தவை பெரும்பாலும் ஏற்றுமதி அலுவலகக் கணினிகளே. வைரஸ் புகுந்து நின்றுபோனவற்றை ஃபார்மட் செய்வேன்; உரியவர் இசைந்தால் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தருவேன். தனியனாக வாழ்ந்தவன். கடையை அடைத்தால் அன்றைய பேச்சும் அடைபட்டுவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு நாள் முருகேசன் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சி நகராட்சியில் வேலை செய்த குடும்பத்தவர். சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் பணி. அவர் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். சிங்கப்பூரில் வாங்கிய கையடக்கக் கணினி ஒன்றை மேசைமேல் வைத்தார். சோப்புப் பெட்டியளவே இருந்தது. திறந்தால் சிறு திரையும் பொடிப்பொடியான விசைகளும். உள்ளே இயங்கியது லினக்ஸ்.

"சாரே, இதுல பிசி கேம் களிக்க பத்துமா? கப்பல்ல சேட்டன்மாரெல்லாம் சீட்டு களிக்கும். எனக்கு அதுல மனசு போகாது."

"பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டலாம். ஆனால் மெதுவாகத்தான் நகரும்."

"பின்னே என்ன? எனக்கும் அங்கே ஒரு தெரக்கும் இல்ல, அவசரமும் இல்ல."

பழைய கணினி ஒன்று உள்ளே இருப்பதுபோல் ஆட்டத்தை நம்பவைக்கும் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளை, அந்தக் கருவிக்கேற்பத் தொகுத்தமைக்க நான்கு நாள் ஆயிற்று. வேகமான ஆட்டங்கள் திணறின. தீவுகளைப் பிடித்துத் துறைமுகம் எழுப்பும் ஆட்டம் ஒன்றே பொருந்தியது. இருவர் முறைவைத்து ஆடுவதாகையால், கருவி நின்று நிதானித்தாலும் கெடுதல் இல்லை.

"ஒத்தைக்குக் களிச்சா என்ன ரசம்? நீங்களும் கூடுங்க சாரே," என்றார். கூடினேன்.

2. விதி

விடுப்பில் இருக்கும் இரண்டு மாதமும் மாலை நான்கு மணிக்கு வருவார். என் கடைக் கணினியில் நாளுக்கு ஆளுக்கொரு முறை ஆடுவோம். அவர் கப்பலேறும்போது, சேமித்த கோப்பு, கையடக்கத்தில் செருகும் மெமரி கார்டில் அவரோடு போகும். ஒன்பது மாதம் கடலில் யோசித்து, தம் ஒரு முறையை ஆடிக் கொண்டுவருவார்.

விதி அவர் வகுத்ததே: கோப்புக்குப் பிரதி இருக்கலாகாது.

"கோப்பி கையில இருந்தா ஆளு ரகசியமா நாலு வழியும் நோக்கிட்டு, நல்ல வழிய மட்டும் களிக்கும். அது கள்ளக்களி."

ஆகவே, நகலெடுக்கும் கட்டளையை விடுத்து, இடம்பெயர்க்கும் கட்டளையையே இடுவேன். கோப்பு ஓரிடத்தில் அழிந்து மற்றோரிடத்தில் தோன்றும். வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் 'பேக்கப் எடுங்கள்' என்று ஓதியவன் நான். இதற்கு மட்டும் உடன்பட்டேன்.

முதற்பயணத்தின்போது விதியைக் காத்தேன். இரண்டாம் பயணத்தின்போது முடியவில்லை. அவர் புறப்படுவதற்கு முந்தைய மாலை ஒரு பிரதி எடுத்து, மறைவான ஃபோல்டரில் வைத்தேன். மழைபெய்யும் மதியங்களில் ஆள் வராதபோது அதைத் திறந்து, அவருடைய தீவுகளைப் பார்த்துவிட்டு மூடுவேன். ஒரு முறைகூட ஆடவில்லை. அதனால் செயல் சரியாகிவிடாது என்பதும் தெரிந்தே இருந்தது.

3. அளவு: சுழி

மூன்றாம் பயணத்துக்கு அவர் புறப்பட வேண்டிய நாள். காலையிலேயே வந்து, இரண்டாண்டுகளாக முயன்றும் கைக்கெட்டாத என் பெரிய துறைமுகத்தைப் பிடித்துவிட்டார்.

"கண்டோ சாரே! போச்சு உங்க துறைமுகம்! இனி கும்பளங்கிக் காயலுக்குப் போயி சீனவலை இழுத்து மீன் பிடிங்க!"

சிரித்துக்கொண்டே தேநீர் வாங்கக் கீழே இறங்கினார். நான் என் முறையை ஆடி, கோப்பைக் கார்டுக்கு இடம்பெயர்த்தேன்.

இவ்விடத்தில் ஒன்று விளக்க வேண்டும். லினக்ஸில் கட்டளை முடிந்ததாகத் திரை காட்டினாலும், தரவு சற்று நேரம் கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். தரவை எழுதி முடித்து இணைப்பை விடுவிக்கும் அன்மவுண்ட் கட்டளையை இட்ட பின்னரே கார்டை எடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அன்று தோல்வியின் எரிச்சலிலோ, பிரிவின் பதற்றத்திலோ, நேரே உருவிவிட்டேன்.

கையடக்கத்தில் செருகிப் பார்த்தேன். கோப்பின் பெயர் இருந்தது; அளவு சுழி. கணினியில் இருந்தது ஏற்கெனவே அழிந்துவிட்டது. மீட்க முயன்றேன், மீளவில்லை.

இம்முறையும் முந்தைய மாலை நான் எடுத்த பிரதி மறைவில் இருந்தது. ஆனால் அதில் துறைமுகம் இன்னும் என்னுடையது. அதைக் கொடுத்தால் நான் பிரதி வைத்தவன் என்பது உடனே வெளிப்படும். கார்டு பழுது என்று சொன்னால் தப்பலாம். ஆட்டம் அத்துடன் மாளும். மாலை நான்கு மணிக்குப் படியேறி வர அவருக்குக் காரணமும் இராது.

இரு கண்ணாடித் தம்ளர்களுடன் வந்து நின்றார்.

"முருகேசன், கோப்பு அழிந்துவிட்டது. தவறு என்னுடையது. நேற்றைய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது."

"நேத்தைய கோப்பியா? அது எங்ஙனெ வந்துச்சு?"

"நான் எடுத்தேன். சென்ற பயணத்தின்போதும் எடுத்தேன்."

"ஓ! அப்போ ஒன்பது மாசம் ஒளிச்சு களிச்சுப் பாத்துட்டுதான் என்கிட்ட மல்லுக்கு நின்னீங்களா?"

"ஆடவில்லை. திறந்து பார்ப்பேன். அவ்வளவே."

"சும்மா பாக்கவா? எதுக்கு?"

"பார்க்க வேறொன்றும் இல்லை."

அவர் தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் அருகே போட்டார்.

"ஆனாலும் கள்ளக்களி கள்ளக்களிதான் சாரே. அழிங்க. என் கண்ணு முன்னாடி."

அழித்தேன். இரண்டாண்டு ஆட்டம் போயிற்று.

"இனி புதுசா தொடங்குங்க. முதல் ஆட்டம் உங்களுது. வேகம், கப்பல் நிக்கற ஊருக்கு ட்ரெயின் பிடிக்க நேரமாச்சு."

வெறுந்தீவொன்றின் கரையில் ஒரு குடிசை அமைத்தேன். கோப்பை இடம்பெயர்த்து, அன்மவுண்ட் செய்து, கார்டை அவர் கையில் கொடுத்தேன். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படிவரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் பாக்காம ஒன்பது மாசம் இருந்துருவீங்களா?"

"இருப்பேன்," என்றேன்.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்குச் சொல்லத்தக்கவை இரண்டு. பிறர் தரவை இழந்தால், இழந்த அந்த நேரத்திலேயே உரியவரிடம் சொல்லிவிடுங்கள். பிரதி எடுப்பது நம் கடமை. ஆயினும் உரியவர் அறியாமல் எடுத்த பிரதி நமக்கு உரியதன்று.

அவர் போன பின் ஒன்பது மாதமும் மதியவேளைகளில் கணினியை அணைத்துவிட்டு, கீழே சுக்கு மூட்டைகள் ஏற்றுவோரின் குரலைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தேன்.