பீரோவுக்கு மரம் பார்த்த கதை

கல்யாணமாகி நான் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது அந்த வீட்டில் பதினோரு பேர், மூன்று தறி. பூட்டு போட்ட பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. யார் துணியை யார் உடுத்துகிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. கொடியில் கைக்கு எது அகப்படுகிறதோ அது அன்றைக்கு அவரவர் துணி.

மற்றத் துணிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் அரக்குக் கூறைப்புடவை மட்டும் வேறு. என் அப்பா ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். அந்தப் புடவையின் நூலுக்கு அவரே தன் கையால் சாயம் ஏற்றினார். அதை என் கடைசி நாத்தனார் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய், முந்தானையில் சாம்பாரோடு திருப்பிக் கொண்டுவந்து கொடியில் போட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பதினோரு பேர் வீட்டில் ஒருத்தி பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது.

என் அனுமதி இல்லாமல் ஒரு கை நுழையாத இடம் எனக்கு வேண்டும். பூட்டும் சாவியுமாக ஒரு பீரோ. அப்பாவுக்கு எழுதினேன், பணம் அனுப்பினார். இரும்பு பீரோ வேண்டாம், மழைக்காலத்தில் வியர்த்துத் துரு பிடிக்கும், பட்டு வீணாகிவிடும், மரத்திலேயே செய்துகொள் என்று ஒரு வரியும் எழுதியிருந்தார்.

மரம் பார்க்கும் பொறுப்பு என் வீட்டுக்காரருடையது. தறியில் உட்கார்ந்தால் அவரைப்போல ஆள் கிடையாது. தறியைவிட்டு எழுந்தால் யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். ஊரில் அப்போது இரண்டு பெரிய மரவாடிகள் இருந்தன. ஒன்று அவரோடு கேரம் ஆடுகிற சிநேகிதருடையது. மற்றொன்று ரயிலடிப் பக்கம் ஒரு பெரியவருடையது. அந்தப் பெரியவர் யாரிடமும் சிரித்துப் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

சிநேகிதர் மரவாடியில் டீயும் மசால்வடையும் கிடைத்தன. “இது வேங்கைபா. தேக்குக்கே அண்ணன். ஒன் பேரப்புள்ள காலத்துக்கும் அசையாது” என்றாராம். இவர் தலையாட்டிவிட்டு, ஒரு துண்டுக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நியாயத்துக்காகப் பெரியவர் கடையிலும் ஒரு தேக்குத் துண்டு வாங்கி வந்திருந்தார். அங்கே டீ இல்லை.

பிறகு அவர் செய்த பரிசோதனையை எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். நல்ல பட்டா கலப்படமா என்று பார்க்க நூலைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பதுதானே வழக்கம்? இரண்டு கட்டையிலும் ஒவ்வொரு சிராய் சீவி, அடுப்பில் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

“வேங்கை வாசன நல்லாத்தான் இருக்குது” என்றார்.

“பீரோவை ஊதுவத்தியா கொளுத்தப் போறோமா?” என்றேன்.

எனக்கும் தெரிந்தது ஒரே ஒரு பரிசோதனைதான். நான் சாயக்காரர் மகள். காலையில் வெள்ளைப் பட்டு நூலை நனைத்து இரண்டு கட்டையையும் சுற்றிக் கட்டி ஈரத்துணி போர்த்தி வைத்தேன். சாயங்காலம் பிரித்தபோது தேக்கில் சுற்றிய நூல் ஏறக்குறைய போட்டபடியே இருந்தது. வேங்கையில் சுற்றியது மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தது. வேங்கை மட்டமான மரமில்லை. வாசக்காலுக்கு அதைப்போல வராது. ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் அதற்குள் என் புடவையை வைத்தால் அப்பா ஏற்றிய நிறத்துக்கு மேல் மரமும் தன் பங்குக்கு ஒரு நிறம் ஏற்றும்.

அவர் முகம் தொங்கிவிட்டது. “அவன்கிட்ட சரின்னு சொல்லிட்டு வந்துட்டேனே. இப்ப இன்னானு சொல்றது?”

“சாயம் போவுதுன்னு சொல்லுங்க.”

அதற்குமேல் ஒரு நெசவாளி என்ன பேச முடியும்? போய் அப்படியே சொல்லிவிட்டார். சிநேகிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு ஆறு மாதம், கேரம் பலகையைச் சுற்றி இருந்தவர்களெல்லாம், “இன்னாபா, ஒங்க வூட்டு முக்காலி வெளுத்துப்போச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாவம், எனக்காக அதையும் பொறுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு இருவரும் ரயிலடி மரவாடிக்குப் போனோம். பெருமாள் பொறுத்துக்கொள்வார், மாமியார் மாட்டார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா வேணும்மா?”

“பட்டுப்புடவை வைக்க பீரோ செய்யணும். தேக்கு வேணும்.”

நான் ஒரு பலகையைக் காட்டினேன். “அது வாணாம், நடுவுல வெடிச்சிருக்குது.” இன்னொன்றைத் தொட்டேன். “வெளிறு. வைரம் பாயல, பூச்சி வெச்சிடும்.” மூன்றாவதைப் பார்த்ததுமே, “இன்னும் காயல” என்றார். வாங்க வந்த நானே அவர் சரக்குக்குப் பரிந்து பேச வேண்டியதாகிவிட்டது. கடைசியில் சுவரோரம் நின்ற நாலு பலகையைத் தட்டிக் காட்டினார்.

“பர்மா தேக்கா?” என்றார் என் வீட்டுக்காரர். அப்போதெல்லாம் ஊரில் விற்ற ஒவ்வொரு குச்சியும் பர்மாவிலிருந்துதான் வந்ததாகச் சொல்வார்கள்.

“மலையாளத்து மரம்பா. பர்மான்னு சொன்னா சந்தோசப்படுவியா? சொல்றேன்.”

தன் கடைச் சரக்கையே திட்டுகிற ஆளிடம் வாங்காமல் வேறு யாரிடம் வாங்குவது? அந்த நாலு பலகையும் வண்டியேறின.

ஆசாரி ஒரு மாதத்தில் பீரோவைச் செய்து முடித்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இனி யாராவது புடவையைக் கேட்டால் என்ன சொல்லி மறுப்பது என்றுகூட அடுப்படியில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆடி போய் ஆவணி வந்தது. கடைசி நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிற நாள் காலையில் அவள் என் பீரோவுக்கு முன்னால் பின்னல் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். நான் வருவதைப் பார்த்ததும் இரண்டடி தள்ளிப் போனாள்.

“அண்ணி, கோச்சிக்காதீங்க. அந்த அரக்குப் புடவைய இன்னிக்கு மட்டும் கட்டிக்கட்டுமா? வேணாம்னா வேணாம்.”

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். அவளுக்குப் பதினேழு வயது. பூட்டைத் திறந்து புடவையை எடுத்துக் கொடுத்தேன். கொசுவமும் நானே வைத்துவிட்டேன்.

அந்த அவசரத்தில் பீரோவைப் பூட்ட மறந்துபோனேன். சாவி தொங்க, கதவு திறந்தபடி அன்றைக்கு முழுவதும் கிடந்தது. பதினோரு பேரில் ஒருவரும் உள்ளே கை வைக்கவில்லை.