எனக்கு நானே எழுதிய பதில்

1. மூன்றாவது பெயர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு ஒரு பெற்றிசன், அதாவது கூட்டு மனு, வந்து சேர்ந்தது. கீழே நாற்பத்திரண்டு கையெழுத்து. மூன்றாவது என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் தலைவர் ஒபிஸில் நான் கடிதக் கிளார்க். வருகிற கடிதங்களைப் பதிந்து, பதிலுக்கு டிராஃப்ற் எழுதிக் கொடுப்பது வேலை. வேலை நிரந்தரமாவதற்கு முந்தின ஆறு மாதப் புரொபேசனில் ஐந்தாவது மாதம். அதற்கு முதல் நாலு வருடம் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் ஒன்றில் பெட்டி தூக்கினவன். “இனிப் பெட்டி தூக்கினால் உம்மைத்தான் தூக்க வேண்டிவரும்” என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கதிரை போனால் எனக்கு வேறு கதிரை இல்லை.

பெற்றிசன் இதுதான். அந்த வருடப் பட்டமளிப்பு விழாவில் ஒரு வழக்கறிஞர் அம்மாவுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்கக் கல்லூரி முடிவு செய்திருந்தது. அகதிகளுக்காகச் சம்பளம் வாங்காமல் வழக்காடியவ. எங்கட ஆட்கள் பலர் இந்த நாட்டில் நிற்பது அவவின் வாயால்தான். ஆனால் அதே வாயால், கருக்கலைப்பைச் சட்டத்தால் தடுக்கக்கூடாது என்று மேடைக்கு மேடை பேசியவ. திருச்சபை போதிப்பதற்கு நேர் எதிர். “இப்படிப்பட்டவருக்குக் கத்தோலிக்கக் கல்லூரி பட்டம் கொடுக்கலாமா?” என்று நாற்பத்திரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

நான் எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வந்தது. முந்தின ஞாயிறு, ஸ்காபரோவில் தமிழ்ப் பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றேன். செபக்குழுத் தலைவர் அன்ரன் அண்ணை தாள் செருகின கிளிப்போட் அட்டையோடு வந்தார்.

“சேவியர், இதிலை ஒரு கை வை.”

வைத்தேன். அவர் அதற்கு முதல் நீட்டின மூன்று தாளும் தமிழ்ப் பூசையைப் பின்னேரத்திலிருந்து காலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டவை. இது நாலாவது என்று நினைத்தேன். நாங்கள் அப்படித்தான். கோயில் பங்கில் பெரியவர் ஒருவர் தாள் நீட்டினால் வாசிப்பது மரியாதைக்குறைவு. ஒரு கையில் றோல்ஸ் இருந்தால் அது முடியாத காரியமும்கூட.

2. வைற்-அவுட்

என் மேலதிகாரி சிஸ்டர் கிளேர். அறுபது வயது. கூட்டங்களில் குரலை உயர்த்தாமலே பேராசிரியர்களை இருத்தி வைப்பவ. அவ சொன்னதெல்லாம் ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எங்கட தமிழில் எழுதுகிறேன்.

“மிஸ்டர் சேவியர், இந்த ஆக்கள் எல்லாருக்கும் தனித்தனியா பதில் போகவேணும். டிராஃப்ற் எழுதும். லிஸ்ற்றைக் கொம்பியூட்டரிலை ஏத்தும்.”

அவ போனதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. மூளை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மேசை லாச்சியைத் திறந்து, எழுத்துப் பிழையை மறைக்கிற வைற்-அவுட் போத்தலை எடுத்தேன். மூன்றாவது வரியில் என் பெயரை வெள்ளையடித்தேன். ஊதிக் காயவைத்தேன். ஒரு கோட் போதாமல் இரண்டாவது கோட்டும் அடித்தேன். பிறகு நாற்பத்தொரு பெயரை ஏற்றி, ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றுகிற மெயில்-மேர்ஜ் போட்டு, நாற்பத்தொரு கடிதத்தைப் பிறின்ரரில் எடுத்து, மிக அழகாக அடுக்கிக்கொண்டுபோய் அவவின் மேசையில் வைத்தேன்.

சிஸ்டர் கடிதங்களை எண்ணினா. பிறகு ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தா. அசல் பெற்றிசன். என்னிடம் தந்தது ஃபோட்டோகொப்பி என்பதை நான் யோசிக்கவேயில்லை.

“நாப்பத்திரண்டு பேர் எழுதினவை. நாப்பத்தொரு பேருக்குப் பதில். மூண்டாவது ஆளுக்கு என்ன நடந்தது?”

‘மோட்சம் போய்விட்டார்’ என்று சொல்ல வாய் உன்னியது. நல்ல வேளை, உண்மை முந்திக்கொண்டது.

“அந்த மூண்டாவது ஆள் நான்தான், சிஸ்டர். வாசிக்காமல் வச்சிட்டன். பேந்து பயந்து அழிச்சும் போட்டன்.”

அவ என்னைப் பார்த்தா. வெளியே றோட்டுத் தண்டவாளத்தில் ஸ்ட்ரீற்கார் ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது. எனக்கு அது சாவு மணி மாதிரிக் கேட்டது.

“கையெழுத்து வச்சது பிழையில்லை. இஞ்சை வேலை செய்யிற ஆளுக்கும் மனச்சாட்சி இருக்கலாம். வெள்ளையடிச்சது பிழை. சரி, இப்ப வாசிச்சிட்டீர்தானே? நீர் எந்தப் பக்கம்?”

அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

“கருக்கலைப்பு விசயத்திலை நான் அன்ரன் அண்ணையின்ர பக்கம். பட்ட விசயத்திலை கொலேஜின்ர பக்கம். அவ செய்த நல்லதுக்குத்தானே குடுக்கிறம்.”

“அப்ப மூண்டாவது ஆளுக்கும் ஒரு கடிதம் அடியும். வீட்டை கொண்டுபோய், தபாலிலை வந்தது எண்டு நினைச்சு வாசியும். நாளைக்கு வந்து சொல்லும்.”

அன்றிரவு சமையலறையில் வைத்து வாசித்தேன். ‘தங்கள் கருத்தை ஆழ்ந்து மதிக்கின்றோம். உரிய முறையில் கவனத்தில் எடுத்துள்ளோம்.’ எனக்குக் கோபம் வந்தது. எழுதினவனை ஒரு அறை அறையலாம் போலிருந்தது. ஆள் பக்கத்திலேயே இருந்தபடியால் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் சிஸ்டரிடம் சொல்லி, நாற்பத்தொன்றையும் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். பட்டம் எந்த வேலைக்குக் கொடுக்கப்படுகிறது, எந்தக் கருத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்று நேரடியாகச் சொன்னேன். திருச்சபையின் போதனையைக் கல்லூரி விடவில்லை என்றும், இது உங்களை நோகடிக்கும் என்று தெரியும் என்றும் எழுதினேன். ‘அடுத்த வாரம் வியாழன் நாலு மணிக்குத் தேநீருக்கு வாருங்கள். தலைவரிடம் முகத்துக்கு முகம் சொல்லுங்கள்’ என்று முடித்தேன். சிஸ்டர் ஒரு கொமாவை மட்டும் வெட்டினா.

3. வியாழன், நாலு மணி

ஒன்பது பேர் வந்தார்கள். முன்னுக்கு அன்ரன் அண்ணை, கலியாணத்துக்குப் போடுகிற கோட்டோடு. தேநீர் ஊற்றுகிற என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“நீ இஞ்சையோ வேலை? பெற்றிசனிலை உன்ர பேரெல்லோ கிடக்கு!”

சிஸ்டரிடம் சொல்வது லேசாக இருந்தது. இவரிடம் அப்படியில்லை. கேத்தலைக் கீழே வைத்தேன். “அண்ணை, நான் வாசிக்காமல் வச்சனான். பூசை நேரம் மாத்திற தாள் எண்டு நினைச்சன். என்ர பேரை வெட்டிவிடுங்கோ.”

மற்ற எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து தன் பெற்றிசன் கொப்பியையும் பேனையையும் எடுத்தார்.

“வெட்டுறன். வாசிக்காமல் வச்ச கையெழுத்து எனக்கும் வேண்டாம். உன்னாலை மற்ற நாப்பத்தொரு பேருக்கும் மரியாதை கெடும்.” பிறகு மெதுவாக, “அந்தக் கடிதம் ஆர் எழுதினது?”

“நான்தான்.”

“நான் ஒத்துக்கொள்ளேல்லை. ஆனா விளங்கிச்சுது. தேத்தண்ணிக்குச் சீனி ரெண்டு.”

தலைவர் ஒரு குருவானவர். ஒரு மணி நேரம் கேட்டார். அன்ரன் அண்ணை சொன்னார்: “என்ர தங்கச்சியின்ர கேஸை வெண்டு குடுத்ததே அவதான், ஃபாதர். வீட்டை கூப்பிட்டு விருந்து வைப்பன். கோயில் பேரிலை பட்டம் குடுக்கேக்கைதான் நெஞ்சு இடிக்குது.” தலைவர் முடிவை மாற்றவில்லை. ஆனால் விழா மேடையில், அந்த அம்மாவின் முன்னிலையிலேயே, கல்லூரி அவவோடு எதில் உடன்படவில்லை என்று சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

“அண்டைக்கு நாங்கள் வாசலிலை செபமாலையோடை நிப்பம்,” என்றார் அன்ரன் அண்ணை.

“நில்லுங்கோ. பாதையை மட்டும் விடுங்கோ,” என்றார் தலைவர்.

விழா அன்று நின்றார்கள். பாதை விட்டார்கள். அந்த அம்மா காரால் இறங்கி நேராக அவர்களிடம் போனா. அன்ரன் அண்ணை கை கொடுத்தார்.

“தங்கச்சிக்குச் செய்ததுக்கு நன்றி, மேடம். நீங்கள் மனம் மாறவேணும் எண்டுதான் செபிக்கிறன்.”

“நான் மாறமாட்டன்,” என்று சிரித்தா அவ. “ஆனாலும் நிப்பாட்டாதையுங்கோ. தங்கச்சி சுகமா இருக்கிறாவோ?”

இரண்டு பேரும் தங்கச்சியின் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்ததில் பட்டமளிப்பு ஊர்வலம் பிந்தியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கை உளைந்தது.

இப்போது கந்தோர் வேலைகளில் சேர்கிற பிள்ளைகளுக்கு என்னால் சொல்லக்கூடியது இதுதான். உங்களோடு உடன்படாதவருக்குப் பதில் எழுதினால், முதலில் அதை உங்கள் பெயருக்கு அனுப்பி வாசியுங்கள். கோபம் வந்தால் கிழித்துப் போடுங்கள்.

அடுத்த மாதம் சிஸ்டர் என் புரொபேசன் படிவத்தை நீட்டினா. இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். குறிப்பு என்ற இடத்தில் மூன்றே வசனம் இருந்தது.

‘பதறுவார். பிறகு உண்மையைச் சொல்லுவார். வைத்திருக்கலாம்.’

கையெழுத்து வைத்தேன்.