அண்ணி விட்டுப்போன நாற்காலி

மூக்கு அரித்தால் அண்ணி கையைத் தூக்க மாட்டார். தோளை உயர்த்தி அதில் மூக்கை ஒரு தேய் தேய்த்துக்கொள்வார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். அம்மாவும் பார்த்தார், வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். "என்ன கேட்டாலும் தோளைக் குலுக்குறா. அவ்வளவு திமிர்" என்று பல வருஷம் அண்ணனிடம் புகார் சொன்னார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் அண்ணிக்கு என் பெயரே 'டிகிரி'. இயற்பியல் படித்துவிட்டு, அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலேயே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தோளின் கதை எனக்கு விளங்கியது. துகள்கள் பாய்ந்துபோகும் பாதையைக் காட்டும் சிலிக்கான் தகடுகளை அங்கே செய்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளால் தகட்டை மின்சுற்றோடு இணைப்பது அண்ணியின் வேலை. தூசி படக் கூடாது என்பதால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. கையுறை முகத்தில் பட்டால் வெளியே வந்து புதிதாக மாட்ட வேண்டும். சொறிந்துகொள்ள மிச்சம் இருப்பது தோள் மட்டும்தான்.

அம்மாவிடம் இதை விளக்கினேன். "அது சரி, நான் பேசும்போது மட்டும் ஏன் அரிக்குது?" என்றார்.

அண்ணியின் அறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கத்து அறையில் தகடுகளைப் பலகையில் ஒட்டுபவருக்கு இருந்தது. அவரை எல்லாரும் 'பசை' என்றே கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி வைத்திருந்தார். ஓய்வு கிடைத்தால் அண்ணி அங்கே போய் நின்றுகொள்வார்.

"வண்டி நிறுத்துற இடத்தைப் போய் இப்படிப் பாக்குறீங்களே மேடம், என்னமோ கடல் மாதிரி."

"ஜன்னல் இருக்குறவங்களுக்கு எல்லாம் இளக்காரம்தான், பசை சார்."

அண்ணனுக்கு வெளியூர் மாற்றல் வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணியால் அங்கே போக முடியவில்லை. வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் ஆய்வுக்கூடத் தலைவர், "இந்தத் தகட்டுத் தொகுதி முடியட்டும்மா" என்பார். அந்தத் தொகுதி முடியும் தறுவாயில்தான், சோதனையில் தகடுகள் சில தடங்களைத் தப்பான இடத்தில் காட்டுவது தெரிந்தது. சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னேன்.

"துகள் தகட்டுக்குள்ள போறப்போ எலக்ட்ரான்களைத் தட்டி விட்டுட்டே போகும் அண்ணி. முக்காவாசி அங்கேயே அடங்கிடும். எப்பவாவது ஒண்ணு பலமா அடி வாங்கி பக்கவாட்டுல ஓடும். ஓடுற வழியெல்லாம் தானும் தடம் போட்டுடும். துகளும் அந்தப் பக்கமா தள்ளிப் போச்சுன்னு நாம கணக்குப் போட்டுடுவோம்."

"போனது ஒரு பக்கம், புகார் இன்னொரு பக்கமா? உங்க அம்மா கணக்கு மாதிரில்ல இருக்கு." சிரித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கு என்ன செய்யப் போறாங்க?"

"தகட்டை இன்னும் மெல்லிசாப் பண்ணணுமாம். அப்போ அது ரொம்ப தூரம் ஓடுறதுக்குள்ள வெளிய போயிடும்."

அண்ணியின் கை தட்டில் நின்றது. "மெல்லிசுன்னா புதுத் தொகுதி."

"ஆமா."

"அவ்வளவு மெல்லிசுல கம்பி வைக்க இங்க வேற யாரு இருக்கா?"



தலைவரும் அதையேதான் சொன்னார்: அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆள் வந்தால் உன்னை விட்டுவிடுகிறேன். கம்பி வைக்கக் கொஞ்சமாவது பழகியிருந்தவர் பசை ஒருவர்தான். அண்ணி அவரிடம் கேட்டபோது நானும் இருந்தேன்.

"ஒரு தொகுதிதான், பசை சார். அதுக்குள்ள ஆள் எடுத்துடுவாங்க. எடுக்கலைன்னா நானே வந்து உங்களை அந்த நாற்காலியிலேருந்து எழுப்பி விடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

"டிகிரி ஊத்துவா."

அண்ணி போய்விட்டார். ஒட்டும் வேலைக்கு வேறொருவர் வந்தார்; கம்பி வைக்க யாரும் வரவில்லை. மெல்லிய தகடுகளில் ஒரு தொகுதி முடிந்து அடுத்தது வந்தது. அண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் திரும்பி வருவேனா? படித்த படிப்பு இதற்கு மட்டும் பதில் தருவதில்லை. ஒருமுறை போனில் கேட்டேன்.

"வரணும் டிகிரி. மனசுல இருந்துட்டேதான் இருக்கு. இவ பரீட்சை முடியட்டும்."

அந்த 'முடியட்டும்' யாருடைய வார்த்தை என்று அவருக்குத் தோன்றியதா, தெரியவில்லை.

நேற்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பசை வெள்ளை உடையோடு வந்து, ஒரு காலத்தில் தன்னுடையதாக இருந்த ஜன்னலருகே விருந்தாளி மாதிரி நின்றார்.

"உங்க அண்ணி எப்ப வர்றாங்களாம்?"

"மக பரீட்சை முடியட்டுமாம்."

அவர் தோளை உயர்த்தினார். மூக்கு அரித்ததா, அம்மா சொன்ன மாதிரி குலுக்கலா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.